ஸ்பானிஷ் வகுப்பில் நாலாவது கேள்வி

1

போன வாரம் செவ்வாய்க்கிழமை ஸ்பானிஷ் வகுப்பில் ஆசிரியை கேட்ட கேள்விக்கு நான் சிங்களத்தில் பதில் சொன்னேன். சொல்லி முடித்து, வகுப்பு சிரித்து, அந்தச் சிரிப்பும் ஓய்ந்த பிறகுதான் என் வாயிலிருந்து வந்தது என்ன பாஷை என்று எனக்கே விளங்கியது. அமெரிக்காவுக்கு வந்து இருபத்தொரு வருடம். இவ்வளவு காலத்தில் நான் ஒரு சொல் சிங்களம் பேசியதில்லை. வேண்டுமென்றேதான் பேசவில்லை. என் மகள் ஜெனி தன் கதிரையில் இருந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவுக்குச் சிங்களம் தெரியும் என்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

கொழும்பில், கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு இது ஒரு விஷயமா என்று தோன்றும். அங்கே சிங்களம் இல்லாமல் அரை றாத்தல் பாண் வாங்க ஏலாது. ஆனால் நான் சொன்ன அந்த இரண்டு சொல்லை நான் முதல்தரம் சொன்ன நாள் ஒன்று இருக்கிறது. அதைத்தான் எழுத வந்தேன். சுற்றி வளைத்துத்தான் வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

ஹூஸ்டனில் பாதிச் சனம் ஸ்பானிஷ் பேசுகிறது. நான் ஒரு கிளினிக்கில் கோப்பு அறையில் வேலை செய்கிறேன். ஜன்னல் இல்லாத அறை. ஸ்பானிஷ் ஒரு பாடம் பாஸ் பண்ணினால் முன் மேசையில் போடலாம் என்று மனேஜர் சொன்னார். ஜெனிக்கு வயது பத்தொன்பது. அவளும் கல்லூரியில் ஒரு மொழிப் பாடம் எடுத்தே ஆகவேண்டும். "ஒண்டாப் போவம் அம்மா, ஒரு கார் போதும்" என்றாள். அவளுடைய அப்பா மாரடைப்பில் போய் மூன்று வருடம். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். இந்த ஆவணியில் அவள் வேறு மாநிலத்துப் பல்கலைக்கழகம் ஒன்றுக்குப் போவதாக இருந்தது. விமானத்தில் நாலு மணித்தியாலம். இடம் கிடைத்த கடிதத்தை ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்திருந்தாள். இந்தத் திங்கட்கிழமைக்குள் ஓம் என்று பதில் எழுத வேண்டியிருந்தது. போக முன் அம்மாவோடு ஒரு பாடம் சேர்ந்து படிக்கலாம் என்று பிள்ளை நினைத்திருக்கிறாள். அந்த நினைப்பே எனக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது.

முதல் வில்லங்கம் என் பெயரால் வந்தது. நான் ரீற்றா பெர்னாண்டோ. கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கத் தமிழர். போர்த்துக்கேயர் காலத்திலிருந்து பரம்பரையாகப் பெர்னாண்டோக்கள். கட்டினதும் வத்தளையில் ஒரு பெர்னாண்டோவை. அதனால் கலியாணம் கட்டியும் பெயர் மாறவில்லை. கல்லூரி அலுவலகத்தில் இருந்தவர் பெயரைப் பார்த்தார், என் நிறத்தைப் பார்த்தார், என்னை ஸ்பானிஷ் தாய்மொழிக்காரருக்கான வகுப்பில் போட்டுவிட்டார். முதல் நாள் உள்ளே போய் இருந்தேன். எல்லாரும் மழை கொட்டினமாதிரிப் பேசினார்கள். என்னிடம் ஏதோ கேட்டார்கள். நான் சிரித்தேன். திரும்பக் கேட்டார்கள். திரும்பச் சிரித்தேன். செவிட்டுப் பெண்மணி என்று நினைத்து ஒரு பையன் உரத்துக் கத்தினான்.

வகுப்பை மாற்ற ஒரு படிவம் தந்தார்கள். "எனக்கு ஸ்பானிஷ் தாய்மொழி இல்லை" என்று நானே எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். நான் இன்ன ஆள், இன்ன விலாசம் என்று கொழும்பில் எத்தனையோ படிவம் நிரப்பினவள் நான். இன்ன ஆள் இல்லை என்று நிரப்பியது இதுதான் முதல்தரம். அதற்கு ஆதாரம் வேறு கேட்டார்கள். தெரியாத பாஷைக்கு எங்கே போய் ஆதாரம் எடுக்கிறது? ஜெனி கவுண்டரில் குனிந்து நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பெர்னாண்டோ என்ற பெயர் எனக்கு எப்போதும் கதவு திறந்துதான் விட்டிருக்கிறது. கேட்காத கதவையும் திறக்கும்.

3

சரியான வகுப்புக்கு வந்த பிறகு எனக்கு நல்ல காலம். ஆசிரியை பெயர் மார்த்தா, பெரு நாட்டுக்காரி, என் வயது இருக்கும். முதல் வாரம் வீட்டுச் சாமான்களின் பெயர்கள். அவர் மேசையைத் தட்டி "மேசா" என்றார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். காலில் போட்டிருந்த சப்பாத்தைக் காட்டி "சப்பாத்தோ" என்றார். நாங்கள் தின்கிற பாண் ரொட்டி "பான்". சமைக்கிற குசினி "கொசீனா". முகம் துடைக்கிற துவாய் "தொவாய்யா". நானூறு வருடத்துக்கு முன்னால் போர்த்துக்கேயன் எங்கள் வீட்டுக் குசினிக்குள் போட்டுவிட்டுப் போன சாமான் எல்லாவற்றையும் இவர் ஒவ்வொன்றாக எடுத்து வெளியில் வைக்கிறார்.

"இதெல்லாம் எங்கட தமிழ்" என்று நான் சொல்ல, மார்த்தா நம்பவில்லை. பலகையில் எழுதிக் காட்டினேன். வகுப்பே கை தட்டியது. ஜெனி தன் சிநேகிதியிடம் "தட்ஸ் மை மம்" என்றாள். அவள் பன்னிரண்டு வயதுக்குப் பிறகு என்னைச் சுட்டி அப்படிச் சொன்னதை நான் கேட்டதில்லை. அன்றிரவு குசினியில் நின்று அவளே "பானை மேசாவில வைக்கட்டா அம்மா?" என்று கேட்டாள். இவ்வளவு நாளும் பெரும்பாலும் இங்கிலீஷில் பதில் சொன்ன பிள்ளை ஸ்பானிஷ் பிடித்துக்கொண்டு தமிழுக்குள் வந்தாள். நான் வாய்க்கு வந்தபடி பெருமை அடித்துக்கொண்டு திரிந்தேன்.

4

போன வாரச் செவ்வாய் பாடம், பிரயாணம். மார்த்தா வகுப்பறை வாசலில் ஒரு மேசையை இழுத்துப் போட்டார். தலையில் ஒரு காக்கித் தொப்பி. எங்களை வெளியே வரிசையில் நிற்கச் சொன்னார். நாட்டுக்குள் வருகிறவர்களை விசாரிக்கிற அதிகாரி அவர், நாங்கள் பிரயாணிகள். ஐந்து கேள்வி, ஐந்து பதில். கேள்விகள் அச்சடித்த தாளை முதலே தந்திருந்தார். பெயர் என்ன, எங்கிருந்து வருகிறீர்கள், எங்கே போகிறீர்கள், யாரோடு வருகிறீர்கள், எத்தனை நாள் தங்குவீர்கள். நான் வீட்டிலே பாடமாக்கிக்கொண்டு போனேன். ஜெனி எனக்கு முன்னால் நின்று, சொல்லிவிட்டுத் தன் இடத்தில் போய் இருந்தாள்.

என் முறை வந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் தொப்பி. ஒரு கை நீண்டது. அவர் ஒன்றும் கேட்க முன்னமே நான் பேர்ஸைத் திறந்து, அடையாள அட்டையை எடுத்து, இரண்டு கையாலும் நீட்டினேன். பிறகு யாரும் சொல்லாமலே கைப்பையின் சிப்பை இழுத்து, வாயை நன்றாக விரித்து, உள்ளே தெரியும்படி மேசையில் சரித்து வைத்தேன். நல்ல நடிப்பு என்று பிள்ளைகள் சிரித்தார்கள். நான் நடிக்கவில்லை. என் கை தன்பாட்டில் செய்தது.

மூன்று கேள்விக்கு ஸ்பானிஷில் சொன்னேனாம். ஜெனி சொல்லித்தான் தெரியும்.

"கொன் கியென் வியேனெஸ்?" என்றார் மார்த்தா. யாரோடு வருகிறீர்கள்?

"தனியம, சேர்" என்றேன்.

தனியாகத்தான், சேர். ஒரு பெண்பிள்ளையைப் பார்த்துச் சேர் என்றேன். குரல்கூட என்னுடையது இல்லை. பணிவும் கொஞ்சம் சிரிப்பும் கலந்த ஒரு இருபத்திநாலு வயதுப் பெட்டையின் குரல் அது. மார்த்தா தொப்பியைக் கழற்றிவிட்டு எழுந்து வந்து என் முழங்கையைப் பிடித்தார். தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

5

காருக்குள் வந்ததும் ஜெனி கேட்டாள்.

"அது என்ன லாங்குவேஜ் அம்மா?"

"சிங்களம்."

"உங்களுக்குச் சிங்களம் தெரியுமா? என்ன சொன்னீங்க?"

நான் பொய் சொல்லியிருக்கலாம். தலை சுற்றிக்கொண்டிருந்ததால் உண்மை வந்துவிட்டது. "தனிய எண்டு சொன்னன். நான் தனிய வந்தனான் எண்டு."

அவள் அழத் தொடங்கினாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"நான் பக்கத்தில இருக்கக்குள்ளயே தனிய எண்டு சொல்றீங்க. நான் போறது உங்களுக்கு அவ்வளவு கஷ்டம் எண்டு ஏன் எனக்குச் சொல்லேல்ல? நான் போகேல்ல அம்மா. இங்கயே படிக்கிறன். திங்கட்கிழமை நோ எண்டு எழுதிவிடுறன்."

இல்லையடி பிள்ளை, அது வேறு கதை என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். நான் சொல்லவில்லை. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்: அந்த நிமிஷம் எனக்கு நெஞ்சுக்குள் ஒரு நிம்மதி பரவியது. அவள் போகமாட்டாள். வீட்டில் வெளிச்சம் எரியும். நான் அவளுடைய தலையைத் தடவிவிட்டு, "சரி, அழாத, ஓட்டு" என்று மட்டும் சொன்னேன். வீட்டுக்குப் போனதும் அவள் ஐஸ்பெட்டிக் கதவில் இருந்த கடிதத்தைக் கழற்றி மேசை லாச்சிக்குள் வைத்தாள். அதையும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

6

இனி மலரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சிவமலர் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. கொழும்பு பம்பலப்பிட்டியில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே கந்தோரில் டைப் அடித்தோம். வெள்ளவத்தையில் ஒரு வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்தாள். தொண்ணூறுகளின் நடுப்பகுதி, சண்டைக் காலம். வடக்கிலிருந்து வந்தவர்கள் எங்கே தங்கினாலும் பொலிஸில் பதிய வேண்டும். பதிந்த இடத்தை விட்டு வேறு இடத்தில் ஒரு இரவு பிடிபட்டாலும் கேள்விதான். அவளுடைய அடையாள அட்டையில் தமிழ் எழுத்தும் இருந்தது. என்னுடையது கொழும்பு அட்டை, சிங்களம் மட்டும், பெயரும் சிங்களவருக்கும் உள்ள பெர்னாண்டோ. பொட்டு இல்லை, சட்டையும் பாவாடையும். சோதனைச் சாவடியில் என்னை ஒருவரும் இரண்டாம் தரம் பார்ப்பதில்லை. "உங்கட பேர் பேரில்ல ரீற்றா, பாஸ்" என்று மலர் பகிடி பண்ணுவாள்.

ஆனி மாதம் அந்தோனியார் திருநாள் வந்தது. அவளை எங்கள் வீட்டுக்கு வரச் சொல்லி நான்தான் கரைச்சல் கொடுத்தேன். மாமிசம் தின்னாத பிள்ளைக்கென்று அம்மா தனிச்சட்டியில் மரக்கறி சமைக்கிறேன் என்றார். கோயிலில் தலைக்குப் போட என்னுடைய லேஸ் முக்காடு ஒன்றையும் கொடுத்தேன்.

"என்ர பதிவு வெள்ளவத்தையில. கொட்டாஞ்சேனையில பிடிச்சாங்கள் எண்டா?" என்றாள்.

"நான் நிக்கிறன்தானே? எங்கட வீட்டு விருந்தாளி எண்டு நான் சொல்றன். எனக்குச் சிங்களம் தண்ணிபட்ட பாடு."

"சொல்லுவீங்களே?"

"விசரே உமக்கு? சொல்லாம?"

வேலை முடிந்து பஸ்ஸில் வந்தோம். கோயிலுக்குக் கிட்டச் சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கி வரிசையில் விட்டார்கள். நான் முன்னால், அவள் எனக்குப் பின்னால் ஓரிருவர் தள்ளி. சனம் இடையில் புகுந்துவிட்டது. முதல் நாள் எங்கோ குண்டு வெடித்திருந்ததால் அன்றைக்கு எல்லாருடைய முகமும் கடுகடுப்பாக இருந்தது. மேசையில் இருந்தவர் என் அட்டையைப் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் மரியாதையாகக் கதைத்தார். பெயர், எங்கிருந்து, எங்கே. கடைசியாக, "கா எக்கத ஆவே?" என்றார். யாரோடு வந்தது?

பின்னால் திரும்பினால் மலர் தெரிவாள். நான் திரும்பவில்லை. "தனியம, சேர்" என்றேன். ஏன் என்று கேட்காதீர்கள். பயம் என்று சொன்னால் முடிந்துவிடும். ஆனால் பயப்படக்கூட நேரம் இருக்கவில்லை. அந்தச் சொல் தயாராக வாய்க்குள் இருந்தமாதிரி வந்துவிட்டது. அவர் அட்டையைத் திருப்பித் தந்தார். நான் நடந்தேன். பத்தடி போன பிறகு பின்னால், பக்கத்து மேசையில், மலரின் குரல் கேட்டது. அவளுடைய உடைந்த சிங்களத்தில் அதே கேள்விக்கு அவள் பதில் சொன்னாள். "தனியம" என்றாள் அவளும். என் பெயரை அவள் சொல்லவில்லை.

வீட்டில் அம்மா, "எங்க மலர்?" என்று கேட்டார்.

"வரேல்ல அம்மா. தலையிடியாம்."

மரக்கறிச் சட்டி அடுப்பங்கரையில் மூடினபடி இருந்தது.

மலரைப் பதினொரு நாள் பொலிஸில் வைத்திருந்தார்கள். வீட்டுக்காரப் பெண்மணியும் எங்கள் கந்தோர் மனேஜரும் அலைந்துதான் வெளியே எடுத்தார்கள். நான் போகவில்லை. பன்னிரண்டாம் நாள் மலர் தன் சாமான்களை எடுக்கக் கந்தோருக்கு வந்தாள். மெலிந்துபோயிருந்தாள். "ஆரோட பிள்ளை போனனீர் அங்க?" என்று மனேஜர் எல்லாருக்கும் முன்னால் கேட்டார். "தனியத்தான் சேர்" என்றாள். பிறகு என் மேசைக்கு வந்து, கடதாசியில் சுற்றிய ஒன்றை வைத்துவிட்டுப் போனாள். அந்த லேஸ் முக்காடு. துவைத்து, ஸ்திரி போட்டு, நாலாக மடித்திருந்தாள். ஒரு ஏச்சுப் பேசியிருந்தால் நான் தப்பியிருப்பேன். அவள் இப்போது எந்த நாட்டில் இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. நான் தேடியதும் இல்லை.

7

புதன்கிழமை முழுக்க ஜெனி என்னோடு ஒட்டிக்கொண்டு திரிந்தாள். தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். இங்கேயே படித்தால் எந்தப் பாடம் எடுக்கலாம் என்று கொம்பியூட்டரில் தேடினாள். அவளுடைய முகத்தில் ஒரு சந்தோஷமும் இல்லை. நான் அதைக் கண்டும் தேத்தண்ணியைக் குடித்தேன்.

வியாழக்கிழமை வகுப்புக்குப் போக எனக்குத் துணிவு வரவில்லை. ஜெனி அறை வாசலில் நின்று, "வரேல்லையா அம்மா?" என்றாள்.

"வரேல்ல பிள்ளை. தலையிடி."

சொன்ன வாயை மூட முடியவில்லை. அதே சொல். அதே இலேசு. நான் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தேன். அன்றைக்குப் பொய் சொல்லி ஒருத்தியை வரிசையில் விட்டுவிட்டுப் போனேன். இன்றைக்குப் பொய்கூடச் சொல்லத் தேவைப்படவில்லை, வாயைப் பொத்திக்கொண்டிருந்தே இன்னொருத்தியைப் பிடித்துக் கொடுக்கிறேன். அதுவும் என் வயிற்றில் பிறந்தவளை. இத்தனை வருடத்தில் நான் ஒரு அங்குலமும் மாறவில்லை என்று கண்டபோது வந்த திகிலை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. வகுப்பில் சிங்களம் வந்தது அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

அப்படியும் வாய் திறக்க ஞாயிற்றுக்கிழமை ஆனது. பூசை முடிந்து, கோயில் கார் நிறுத்துமிடத்தில், எஞ்சினைப் போடாமல் இருந்துகொண்டு சொன்னேன். பஸ், வரிசை, முக்காடு, மரக்கறிச் சட்டி எல்லாம். தமிழில்தான் சொன்னேன். அவளுக்கு விளங்காத இடத்தில் நிறுத்தித் திரும்பச் சொன்னேன்.

"நீங்க அப்பிடியே நடந்து போனீங்களா?"

"ஓம்."

"திரும்பிப் பாக்கேல்லையா?"

"இல்லை."

"செவ்வாய்க்கிழமை நீங்க சொன்னது... அது என்னைப் பற்றி இல்லை. நான் போகேல்ல எண்டு சொன்னதும் நீங்க ஏன் பேசாம இருந்தீங்க?"

"நீ நிண்டா நல்லம் எண்டுதான்."

அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் யாருக்கும் விளக்க மாட்டேன். அன்றைக்கு முழுக்க என்னோடு பேசவில்லை. திங்கள் காலையில் குசினிக்குள் வந்தபோது கடிதம் திரும்பவும் ஐஸ்பெட்டிக் கதவில் இருந்தது. அதன் மேல் பேனையால் "சென்ட். யெஸ்" என்று எழுதியிருந்தாள். நான் நிலத்தில் இருந்து அழுதேன். துக்கமா நிம்மதியா என்று பிரிக்கத் தெரியாத அழுகை.

8

நேற்றுச் செவ்வாய் ஒரே காரில் போனோம். மார்த்தா என்னைக் கண்டதும் தோளில் தட்டினார். தொப்பியும் மேசையும் இந்த முறை இல்லை. அதே ஐந்து கேள்வித் தாளைத் தந்து, இரண்டிரண்டு பேராக இருந்து, கேட்டு, பதிலைத் தாளில் இருக்கும் பெட்டிக்குள் எழுதச் சொன்னார். ஜெனி தன் சிநேகிதியிடம் போவாள் என்று நினைத்தேன். அவள் கதிரையை இழுத்துக்கொண்டு வந்து எனக்கு முன்னால் இருந்தாள்.

பெயர் கேட்டாள். சொன்னேன். எங்கிருந்து என்று கேட்டாள். கொட்டாஞ்சேனை என்றேன். எங்கே போகிறீர்கள் என்றாள். அதற்கும் சொன்னேன். அவளுடைய பென்சில், யாரோடு என்ற நாலாவது கேள்வியில் வந்து நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு பென்சிலை அடுத்த வரிக்கு நகர்த்தி, எத்தனை நாள் தங்குவீர்கள் என்று ஸ்பானிஷில் கேட்டாள். நாலாவதைக் கேட்காமல் தாண்டிவிட்டாள்.

என் பிள்ளை என்மேல் வைத்த இரக்கம் அது. எனக்கு அதை வாங்கிக்கொள்ள மனம் வரவில்லை.

"சோமோஸ் தோஸ்" என்று நாலாவதற்கே பதில் சொன்னேன். நாங்கள் இரண்டு பேர்.

பக்கத்தில் வந்து நின்ற மார்த்தாவுக்கு நல்ல சந்தோஷம். ஜெனியைக் காட்டிக் கண்ணைச் சிமிட்டி, மற்றவருடைய பெயர் என்ன என்று என்னிடம் கேட்டார்.

"சிவமலர்" என்றேன்.

மார்த்தா விளங்காமல் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். ஜெனி தாளைத் தன் பக்கம் இழுத்து, வெறுமையாக இருந்த நாலாவது பெட்டிக்குள் அந்தப் பெயரை மெல்ல எழுதினாள். எழுதிவிட்டுத் தாளை என் பக்கம் திருப்பினாள்.

"எழுத்துச் சரியா அம்மா?" என்று கேட்டாள்.